காட்டுக்கும் நம்ம கடன் நோட்டுக்கும் என்ன சம்பந்தம்?

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் மலையடிவாரக் குழுக்கள் சார்பில் பேசியது. பேசியபடியே எழுத்தில் தரப்படுகிறது.)

 

எங்களுக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, வனவிலங்கு வேட்டையையும் கடத்தலையும் தடுப்பதில் மகளிர் குழுக்களின் பங்கு. தலைப்பைப் படித்தபோது பின்வரிசையில் ரெண்டு பேர் சிரித்தது எங்கள் காதில் விழுந்தது. "புலி பிடிக்கிற வேலையையும் நம்ம தலையில கட்டிட்டாங்களா?" என்று ஒரு அக்கா கேட்டார்கள். கோபம் இல்லை. நாங்களும் மூணு வருஷம் முன்னாடி இதையேதான் கேட்டோம். சேமிப்பு, சந்தா, உள்கடன், வங்கித் தவணை, இதுக்கே பொழுது பத்தல. வேட்டைக்காரனைப் பிடிக்க வனத்துறை இருக்கு, போலீஸ் இருக்கு. ராத்திரி துப்பாக்கியோட திரியுற ஆளுக்கும் நமக்கும் என்ன என்றுதான் இருந்தோம்.

எங்களை மாற்றியது ஒரு கடன். அதை முதலில் சொல்லிவிடுகிறோம். சொல்வதற்கு அந்த உறுப்பினரிடம் அனுமதி வாங்கிவிட்டோம். பேரும் ஊரும் வேண்டாம்.

எங்கள் குழுவில் ஒருவர் ஆடு வாங்க என்று முப்பதாயிரம் உள்கடன் கேட்டார். ஒழுங்காகச் சேமிப்புக் கட்டுகிறவர், ஒரு கூட்டம் தவறியது கிடையாது. தீர்மானம் போட்டோம், எல்லோரும் கையெழுத்து வைத்தோம், பணம் கொடுத்தோம். ஆடு வாங்கியாச்சா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. ரெண்டு தவணை கட்டினார். மூணாவது தவணைக்கு வரவில்லை. நாலாவதுக்கும் வரவில்லை. வீட்டுக்குப் போனோம். ஆடும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. அவர் ஜெயிலில் இருந்தார்.

நடந்தது இதுதான். வெளியூரிலிருந்து ரெண்டு பேர் சொந்தக்காரர் ஒருத்தர் மூலமாக ஊருக்குள் வந்திருக்கிறார்கள். மண்ணுளிப் பாம்பு, அதான் ரெட்டைத்தலைப் பாம்பு என்று சொல்வோமே, அது இத்தனை கிலோ எடை இருந்தால் வெளிநாட்டுப் பார்ட்டி லட்சக்கணக்கில் வாங்கும் என்று ஆசை காட்டியிருக்கிறார்கள். பாம்பு ஒருத்தரிடம் ரெடியாக இருக்கிறது, முப்பதாயிரம் கொடுத்து நீ வாங்கி வைத்துக்கொள், பார்ட்டியை நாங்கள் கூட்டிக்கொண்டு வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். குழுப் பணம் அப்படியே பாம்பாக மாறி, சாக்குப் பைக்குள் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறது. பார்ட்டி வரவில்லை. வனத்துறை வந்தது. அந்த ரெண்டு பேருடைய செல்போனும் அன்றைக்கே அணைந்துவிட்டது. ஜாமீனுக்கும் வக்கீலுக்கும் அந்த உறுப்பினர் கழுத்தில் கிடந்ததையும் கழற்றி அடகு வைத்தார். குழுவின் வங்கித் தவணையை நாங்கள் பதினோரு பேர் பங்கு போட்டுக் கட்டினோம். கட்டவில்லை என்றால் அடுத்த கடன் யாருக்கும் கிடையாது.

மண்ணுளிப் பாம்பைப் பற்றி நம்ம பெண்களே பலவிதமாகப் பேசுவதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறோம். அதற்கு ரெண்டு தலை கிடையாது. வால் மொழுக்கென்று தலை மாதிரியே இருக்கும். எதிரி வந்தால் வாலைக் காட்டி ஏமாற்றும், அவ்வளவுதான். விஷம் கிடையாது. நக்கினால் குஷ்டம் வரும் என்பதும் பொய். மருந்தும் கிடையாது, மாந்திரீகமும் கிடையாது. மண்ணுக்குள் கிடந்து எலியைத் தின்கிற பாம்பு. நம்ம கடலைக் காட்டிலும் சோளக் காட்டிலும் சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கிற ஜீவன். அதைப் பிடித்து விற்றால் கோடி என்று சொல்வது இரிடியம் கலசம் என்று சொல்லி ஏமாற்றுகிற கும்பலின் தம்பி வேலை. இதில் பாம்பும் சாகிறது, குடும்பமும் சாகிறது, தரகர் மட்டும் பிழைக்கிறார்.

எங்களை அதிகமாகச் சுட்டது வேறொன்று. அந்த ரெண்டு பேர் ஊருக்குள் நடமாடியது எங்களில் நாலு பேருக்குத் தெரியும். டீக்கடையில் பார்த்தோம். "யாரோ ரியல் எஸ்டேட் ஆளுக போல" என்று ஒருத்தர் சொன்னார். "பாம்பு கேட்டு வந்துருக்காகளாம்" என்று இன்னொருத்தர் சொன்னார். ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு என்று விட்டுவிட்டோம். தெரிந்தும் பேசாமல் இருந்த அந்த மௌனம்தான் எங்களுக்கு முப்பதாயிரம் செலவு வைத்தது.

கடத்தல் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். எறும்புத்தின்னியை எடுத்துக்கொள்ளுங்கள். அலுங்கு என்றும் சொல்வார்கள். பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். சிறுத்தையே வந்தாலும் அந்தப் பந்தைப் பிரிப்பது கஷ்டம். ஆனால் மனுசன் வந்தால் பூசணிக்காயைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் பையில் போட்டுவிடலாம். பெரும்பாலும் ஒரு ஈத்துக்கு ஒரு குட்டிதான், அதனால் அழிந்தால் சீக்கிரம் பெருகாது. அதன் ஓட்டுக்கு வெளிநாடுகளில் மருந்து என்று சொல்லி விலை வைக்கிறார்கள். அந்த ஓடு எதனால் ஆனது தெரியுமா? நம்ம விரல் நகம் எதனால் ஆனதோ அதனால்தான். நகத்தை வெட்டித் தின்றால் நோய் தீருமா? 2016ல் உலக நாடுகள் கூடி எறும்புத்தின்னி வியாபாரத்தை முழுசாகத் தடை செய்ய முடிவெடுத்தன. நம்ம நாட்டுச் சட்டத்திலும் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. அப்படியும் நடக்கிறது. எப்படி? வெளிநாட்டில் வாங்குகிறவனுக்கு நம்ம மலையில் எந்தப் புற்றுப் பக்கம் எறும்புத்தின்னி வரும் என்று தெரியாது. உள்ளூர்க்காரனுக்குத்தான் தெரியும். அந்த உள்ளூர்க்காரனைப் பிடிக்க தரகர் போடுகிற தூண்டில் அட்வான்ஸ். பிள்ளைக்குக் காலேஜ் பீஸ், மருத்துவமனைச் செலவு, பயிர் போன வருஷம், இப்படி ஒரு நேரம் பார்த்து ரெண்டாயிரம் மூவாயிரம் கையில் வைப்பார். பிறகு பணமாகத் திருப்ப வேண்டாம், "பொருளா" குடு என்பார். மாட்டினால் சுருக்கு வைத்தவன் மாட்டுவான். அட்வான்ஸ் கொடுத்தவர் பேர் எந்த நோட்டிலும் இருக்காது.

அட்வான்ஸ், அவசரம், திருப்ப முடியாத கடன். சகோதரிகளே, இதெல்லாம் நமக்குத் தெரியாத சங்கதியா? கந்துவட்டிக்காரனிடமிருந்து வெளியே வரத்தானே குழுவே ஆரம்பித்தோம்.

இந்த யோசனை எங்களுக்கு வந்தது தேக்கடிக்கு எக்ஸ்போஷர் விசிட் போனபோதுதான். ஏலத்தோட்டத்துக்கு விடியக்காலம் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போகிற நம்ம பெண்களுக்குக் குமுளி ஒன்றும் புதுசு இல்லை. லோயர் கேம்ப் தாண்டி வளைவு வளைவாக ஏறினால் வந்துவிடும். ஆனால் வேலைக்குப் போய்த் திரும்புவோமே தவிர, அந்த மலைக்கு மேலே நம்மைப் போன்ற ஜனங்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

பெரியாறு காடு 1978ல் புலிகள் காப்பகம் ஆனது. சட்டம் இருந்தது, காவலர் இருந்தார்கள். ஆனாலும் எழுபது, எண்பதுகளில் தந்தத்துக்காக ஆண் யானைகளைச் சுட்டுச் சுட்டு, வளர்ந்த பெண் யானை நூற்றுக்கு வளர்ந்த ஆண் யானை ஒன்று தேறுவதே கஷ்டம் என்ற நிலை வந்துவிட்டது. தந்தம் ஆண் யானைக்குத்தானே. ஆண் குறைந்தால் கன்றும் குறையும். சுடுவதற்கும் சுமப்பதற்கும் வழி காட்டுவதற்கும் போனதில் நம்ம கம்பம் பள்ளத்தாக்கு ஆட்களும் உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பிரயோசனம் இல்லை.

1996ல் அங்கே சூழல் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தது. காட்டை ஒட்டி வாழ்கிற ஜனங்களைக் குழு குழுவாகச் சேர்த்தார்கள். அதில் ஒரு குழுதான் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. வயணா என்று மலையாளத்தில் சொல்கிற காட்டுப் பட்டை மரம் இருக்கிறது, நம்ம பிரியாணிப் பட்டையின் சாதிசனம். அதன் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்தவர்கள் குமுளிப் பக்கம் இருந்தார்கள். ஆளுக்கு எத்தனையோ வழக்கு. காட்டுக்குள்ளேயே நாள் கணக்கில் தங்கி, கிடைத்த விலங்கை அடித்துச் சமைத்துச் சாப்பிட்டு, சுமையோடு இறங்குவார்கள். இவர்களை ஜெயிலில் போட்டு, வெளியே விட்டு, மறுபடி போட்டு அலுத்த வனத்துறை, கடைசியில் உட்கார்ந்து பேசியது. வழக்குகளிலிருந்து விடுவிக்க ஏற்பாடு, அதற்குப் பதிலாகத் திருட்டை விட்டுவிட வேண்டும், காட்டைக் காக்க வேண்டும் என்று ஒப்பந்தம். காட்டின் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் அவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவையே தொழிலாக்கினார்கள். சுற்றுலா வருகிறவர்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போய், ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவது. இதுதான் பெரியாறு டைகர் டிரெயில். அந்தக் கட்டணத்தில் கூலி. கூட்டிப்போகிற வழியிலேயே ரோந்தும் ஆகிவிடுகிறது. வேறு யாராவது சுருக்கு வைத்திருந்தால் இவர்கள் கண்ணுக்குத் தப்பாது, இவர்களே வைத்துப் பழகியவர்கள்தானே! பிறகு நம்ம பக்கத்திலிருந்து போய் வேட்டையாடியவர்களிலும் சிலர் இதேபோல வழிகாட்டிகளாக மாறினார்கள்.

இன்னொன்று மிளகு. குமுளியை ஒட்டி மன்னான், பளியர் குடிகள் இருக்கின்றன. நிலம் உண்டு, மிளகுக் கொடி உண்டு, விளைச்சல் உண்டு. ஆனால் மிளகு காய்க்கும் முன்பே வியாபாரியிடம் கடன் வாங்கியிருப்பார்கள். அதனால் வியாபாரி சொன்னதுதான் விலை. வருஷம் பூரா பாடுபட்டும் கையில் ஒன்றும் நிற்காது. கையில் ஒன்றும் நிற்காதவன் காட்டுக்குள் எதற்காவது போய்த்தானே ஆக வேண்டும்? குழு அமைத்த பிறகு முதலில் செய்த வேலை அந்தக் கடனை அடைத்ததுதான். அடைத்துவிட்டு, மிளகைத் தாங்களே சேர்த்து விற்றார்கள். இயற்கை விளைச்சல் என்று சான்று வாங்கி வெளிநாட்டுக்கும் அனுப்பினார்கள். காட்டைக் காப்பாற்ற வந்த திட்டம் கடனை அடைப்பதில் ஆரம்பித்தது பாருங்கள். இதைக் கேட்டபோது எங்களோடு வந்த பொருளாளர் அக்கா, "அப்ப நம்ம நோட்டுலயும் காடு இருக்குத்தா" என்று சொன்னார்கள். இன்றைக்கு நாங்கள் பேச வந்ததே அந்த ஒரு வார்த்தையால்தான்.

அங்கே வசந்த சேனை என்று பெண்கள் படையும் இருக்கிறது. 2002ல் தொடங்கியது. சுமார் நூறு பெண்கள். முறை வைத்துக்கொண்டு, சில பேர் சில பேராகச் சேர்ந்து, சந்தன மரங்கள் இருக்கிற காட்டுப் பகுதியில் பகலில் ரோந்து போவார்கள். சம்பளம் கிடையாது. துப்பாக்கி கிடையாது. நம்மைப் போலச் சமைத்துவைத்துவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வருகிறவர்கள். சந்தனம் வெட்டுகிறவன் பார்ப்பது ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தை. தினமும் நாலு பெண்கள் பேசிக்கொண்டு நடந்து போகிற பாதையில் அவனுக்கு வேலை நடக்காது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே உற்சாகம். நாமும் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு ரோந்து போகலாம் என்று பேசினோம். ஊருக்கு வந்ததும் அது படுத்துவிட்டது, உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். தேக்கடிக்கு வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்து வருகிறார்கள், அந்த வரும்படியில் குழுக்கள் நிற்கின்றன. நம்ம பக்கம் அது கிடையாது. அதோடு, நமக்கும் வனத்துறைக்கும் பழைய மனக்கசப்பு இருக்கிறது. விறகு பொறுக்கப் போய் அரிவாளைப் பறிகொடுத்தவர்கள், அபராதம் கட்டியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவித்தபோது நமக்கெல்லாம் வந்த முதல் கேள்வி, ஆடு மாடு மேய்ச்சலுக்கு விடுவார்களா, நம்மை எழுப்பிவிடுவார்களா என்பதுதானே. வைகை அந்தக் காட்டிலிருந்துதான் வருகிறது, காடு போனால் தண்ணி போச்சு என்பது நமக்கும் தெரியும். ஆனால் விறகுக் கட்டுக்கு வழக்குப் போட்டுவிட்டு, வேட்டையைப் பற்றித் தகவல் சொல் என்றால் யார் சொல்வார்கள்? இதை வனச்சரகர் கலந்துகொண்ட கூட்டத்திலேயே முகத்துக்கு நேராகச் சொன்னோம். கோபித்துக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் பேச்சுவார்த்தையே நடந்தது.

ரோந்து வேண்டாம், நம்ம கையில் இருப்பதை வைத்துச் செய்வோம் என்று முடிவெடுத்தோம். நம்ம கையில் இருப்பது கடன் நோட்டு, அப்புறம் அடுப்பு.

கடன் நோட்டில் முதல் வேலையாக ஒரு தப்புச் செய்தோம். "வேட்டைக்குப் போகும் குடும்பத்துக்குக் கடன் கிடையாது" என்று தீர்மானம் எழுதினோம். எல்லோரும் கை தட்டினோம். ரொம்ப நல்ல தீர்மானமாகத் தெரிந்தது. ரெண்டு மாசத்தில் ஒரு உறுப்பினர் பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் கேட்டார். அவர் வீட்டுக்காரர் முயலுக்கும் பன்றிக்கும் சுருக்கு வைப்பவர் என்பது ஊருக்கே தெரியும். தீர்மானத்தைக் காட்டி இல்லை என்றோம். அந்த அக்கா ஒன்றும் சண்டை போடவில்லை. எழுந்து போகும்போது, "சரி, குடுக்கிறவங்ககிட்ட வாங்கிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். யார் கொடுக்கிறவர் என்று எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி எங்களில் மூணு பேருக்குத் தூக்கமே இல்லை. பாம்புத் தரகர் என்ன வேலை செய்தாரோ, அந்த வேலைக்கு நாங்களே ஆள் அனுப்பிவைத்தோமே!

மறுநாள் அவசரக் கூட்டம் போட்டோம். காரசாரமாகப் பேச்சு நடந்தது. "தப்புப் பண்றவனுக்குக் காசு குடுத்தா நாமளே தூண்டிவிட்ட மாதிரி ஆகாதா?" என்று ஒரு பக்கம். "கடன் கேக்கிறது அவ, சுருக்கு வைக்கிறது அவ புருசன், ரெண்டையும் ஏன் ஒண்ணாக்குறீக?" என்று இன்னொரு பக்கம். ரெண்டிலும் நியாயம் இருந்தது. கடைசியில் தீர்மானத்தை அடித்துவிட்டு மாற்றி எழுதினோம். மருத்துவம், பள்ளிக்கூடம், பயிர்ச்சேதம் இந்த மூணுக்கும் எந்த வீடாக இருந்தாலும் கேட்ட நாளிலிருந்து ரெண்டு நாளில் கடன். அதற்கென்று சேமிப்பில் ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கிவிட்டோம். தொழில் கடன் என்றால் மட்டும் பதினைந்து நாளைக்குள் ரெண்டு பேர் போய் ஆட்டைக் கண்ணால் பார்த்து, காதுத் தோடு இருந்தால் அந்த நம்பரையும் நோட்டில் எழுத வேண்டும். அந்த அக்காவுக்கும் கடன் கொடுத்தோம். பிள்ளை தேறிவிட்டது. வீட்டுக்காரர் சுருக்கை விட்டாரா என்று கேட்பீர்கள். முழுசாக விட்டார் என்று எங்களால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் தரகரிடம் அட்வான்ஸ் வாங்கவில்லை, இது உறுதி. சொந்த வயிற்றுக்கு வைப்பதும் தப்புதான். அட்வான்ஸுக்கு வைத்தால் அதற்கு ஒரு முடிவே கிடையாது.

அடுப்பு விஷயம் இன்னும் சங்கடமானது. வேட்டைக் கறியை வீட்டுக்குள் கொண்டுவருவது ஆண்கள் என்றாலும், அரிவது நாம், மசாலா அரைப்பது நாம், பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிடுவதும் நாம்தான். உடும்புக் கறி முதுகுவலிக்கு நல்லது, முயல் ரத்தத் தைலம் முடிக்கு நல்லது என்று பரப்புவதும் பாதி நாம்தான். உடும்பும் யானை, சிறுத்தை மாதிரியே சட்டத்தில் முதல் அட்டவணை. முதல் அட்டவணை விலங்கு என்றால் மூணு வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை ஜெயில். 2022ல் சட்டம் திருத்தியபோது குறைந்தபட்ச அபராதத்தையும் இருபத்தைந்தாயிரம் ஆக்கிவிட்டார்கள். நான் பிடிக்கவில்லை, கொண்டுபோய்க் கொடுத்தேன், வீட்டில் வைத்திருந்தேன் என்றாலும் குற்றம் குற்றம்தான். சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தாலும் அதே கதிதான். கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பதும் குற்றம்தான், அதைச் சொன்னால் சில அக்காமார்களுக்கு முகம் வாடுகிறது. எங்கள் குழுவில் ஏழு வீட்டில், "இந்தக் கறி இந்த அடுப்புல வேகாது" என்று சொல்லிவிட்டார்கள். ரெண்டு வீட்டில் சண்டை வந்தது. ஒரு வீட்டில் அவரே ஆக்கித் தின்றார், ஒரு மாசத்தில் அலுத்துவிட்டது. இதில் சிரிப்பதற்கும் இருக்கிறது, சிரிக்க முடியாததும் இருக்கிறது. அடி வாங்கிய வீடும் ஒன்று உண்டு. அதனால் எல்லோரும் வீட்டில் போய் இன்றைக்கே சண்டை போடுங்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அவரவர் வீட்டு நிலைமை அவரவருக்குத் தெரியும்.

காட்டுப்பன்றியைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கூட்டம் எங்களை விடாது. ஒரே ராத்திரியில் மரவள்ளியை, கடலையை உழுது போட்டுவிட்டுப் போகிறது. நஷ்டஈட்டுக்கு மனுப் போட்டால் வந்து சேர நாளாகிறது. அந்த வயித்தெரிச்சலில்தான் கம்பிச் சுருக்கு, அவுட்டுக்காய், கரண்டுக் கம்பி எல்லாம் வருகிறது. வயித்தெரிச்சல் நியாயம். ஆனால் சுருக்குக்குப் பன்றி எது, மிளா எது, சிறுத்தை எது என்று தெரியாது. எங்கள் உறுப்பினர் ஒருவரின் கறவைப் பசு வரப்போரம் கிடந்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிச் செத்தது. அது குழுக் கடனில் வாங்கிய பசு. 2020 மே மாசம் கேரளாவில் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று இப்படித் தீனியில் வைத்த வெடியைக் கடித்து, வலி தாங்காமல் ஆற்றுத் தண்ணிக்குள்ளேயே நின்று செத்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். 2023 மார்ச் மாசம் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் விவசாயி போட்ட கரண்டு வேலியில் மூணு யானைகள் செத்தன. கூட வந்த ரெண்டு குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்தன. கரண்டுக் கம்பியில் ராத்திரி தண்ணி பாய்ச்சப் போன மனுசரும் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் தமிழக அரசு ஒரு ஆணை போட்டது. காப்புக்காட்டிலிருந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கிற பன்றியை வனத்துறையினர் சுடலாம், அதுவும் மனு, விசாரணை எல்லாம் முடிந்து. நாம் சுடவோ, வெடி வைக்கவோ அதில் அனுமதி இல்லை. காட்டை ஒட்டியே கொல்லை வைத்திருக்கிற நமக்கு அந்த ஆணையால் பெரிசாகப் பலன் இல்லை என்பதுதான் எங்கள் அபிப்பிராயம். நாங்கள் இப்போதைக்குச் செய்வது, சேதம் ஆன மறுநாளே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் மனு எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி வைப்பது. எழுதத் தெரியாதவர்களுக்குக் குழுவில் எழுதிக் கொடுக்கிறோம். நஷ்டஈடு வரும்வரை பயிர்ச்சேதக் கடன். போன பட்டத்தில் நாலு பேர் இப்படி வாங்கினார்கள், நாலு பேரும் வெடி வைக்கவில்லை.

தகவல் சொல்வதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாம்பு, ஆமை, ஓடு, தந்தம் என்று கேட்டு அந்நிய ஆள் ஊருக்குள் வந்தால், பார்த்தவர் தனியாகப் போன் செய்ய வேண்டாம். குழுவில் ரெண்டு பேரைப் பொறுப்பாக வைத்திருக்கிறோம், அவர்களிடம் சொன்னால் போதும். அவர்கள் குழுவின் பேரில் சொல்வார்கள். யார் பார்த்தது என்ற பேச்சே வராது. தகவல் கொடுத்தவருக்கு அபராதத் தொகையில் பாதி வரை பரிசு கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நாங்கள் பரிசு கேட்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். ஒரே தெருவில் இருந்துகொண்டு, காசுக்குக் காட்டிக்கொடுத்தாள் என்ற பேர் வந்துவிட்டால் குழு உடைந்துவிடும். மற்றக் குழுக்கள் வேறு மாதிரி நினைக்கலாம், அது அவர்கள் விருப்பம். இதுவரை ரெண்டு தடவை சொல்லியிருக்கிறோம். ஒரு தடவை ஆள் தப்பிவிட்டார். இன்னொரு தடவை, சும்மா மூலிகை வாங்க வந்த பெரியவரைப் போய்ச் சந்தேகப்பட்டுவிட்டோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, வீட்டில் சாப்பாடு போட்டு அனுப்பினோம்.

முதலில் சொன்ன அந்தக் கடன் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். மாசம் ஐந்நூறாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். இன்னும் பதினாலாயிரம் பாக்கி. வழக்கும் நடந்துகொண்டிருக்கிறது, வாய்தாவுக்கு வாய்தா ஒருநாள் கூலி போகிறது. வட்டியைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று எங்கள் குழு கேட்டிருக்கிறது. அது இன்றைக்கு மதியத்துக்கு மேல் தீர்மானத்துக்கு வருகிறது. படித்துப் பார்த்துவிட்டுக் கை தூக்குங்கள்.